1815-க்குப் பின் முளைத்த மரங்கள்



மரங்களைக் காக்கும் சட்டங்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "சம்பளம் கிடக்கிறது, காணி கிடக்கிறது, வீடு கிடக்கிறது, இவர் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டார்" என்று நண்பர் ஒருவர் அலுத்துக்கொண்டார். அவர் இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மரச் சட்டம் என்பதே ஒரு காணிச் சட்டம்தான். இந்த மரத்தை யார் வெட்டலாம், வெட்டாதே என்று சொல்ல யாருக்கு வாய் உண்டு, விழப்போகிறது வெட்டு என்று கேட்க யாருக்கு உரிமை உண்டு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஊவாத் தோட்டங்களில் மரத்தடியிலேயே பிறந்து, மரத்தடியிலேயே பிள்ளைக்குத் தொட்டில் கட்டியவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அதுதான்.

முதலில் ஒரு திகதியிலிருந்து தொடங்குவோம். 1815 மார்ச் 2. கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள். இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம், கல்லுக்கும் கட்டடத்துக்கும் மட்டுமல்ல, மரத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்து ஒரு மரத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆக்கலாம். அதற்கு அந்த மரம் 1815 மார்ச் 2-க்கு முன்பே இந்த நாட்டில் நின்றது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். 1940-இல் உட்கார்ந்து மரத்தையும் மரபுச் சின்னமாக நினைத்துப் பார்த்தார்களே, அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அரசன் வீழ்ந்த நாளோடு சரித்திரம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிர்வாகம் என்ற எண்ணம் அந்தத் திகதிக்குள் ஒளிந்திருக்கிறது.

இந்தத் திகதியை ஊவாவில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் நடந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, 1817-18-இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பர் 26-இல் கண்டியில் தலை வெட்டப்பட்டார். அவரோடு முடியவில்லை. கிளர்ச்சியை அடக்க வந்த படை வயல்களை எரித்தது, மாடுகளைக் கொன்றது, பலாவும் தென்னையும் உட்படப் பயன்தரும் மரங்களை வெட்டிச் சாய்த்தது. ஒரு மக்களைப் பட்டினி போட வேண்டுமானால் அவர்களுடைய நெல்லை எரித்தால் ஒரு போகம் போகும், பலாவை வெட்டினால் ஒரு தலைமுறை போகும் என்பது தளபதிகளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு 1840-களில் கோப்பித் தோட்டங்கள். மலையை மேலிருந்து கீழாக வெட்டித் தீ வைத்துத்தான் கோப்பி நட்டார்கள். மிஞ்சி நின்ற காடு அப்படிப் போயிற்று. ஆக, 1815-க்கு முந்திய மரம் இருந்தால் கொண்டுவா என்று சட்டம் கேட்கிறது. அப்படிப்பட்ட மரங்களை இரண்டு தடவை மொட்டையடித்த மாகாணம் ஊவா. பதுளை முதியங்கனை விகாரையின் போதி போல மதம் காத்த மரங்களை விட்டால், காட்டுவதற்கு நம்மிடம் அதிகம் இல்லை.

இனி மலையகத் தமிழர்களான நம்முடைய கணக்கு. மலையகத்தின் முதல் கோப்பித் தோட்டத்தைக் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கியது 1823-இல் என்று வைத்துத்தான் நாம் 2023-இல் இருநூறு ஆண்டு கொண்டாடினோம். அப்படியானால் இந்தச் சமூகம் நட்ட முதல் மரம்கூடச் சட்டத்தின் திகதிக்கு எட்டு ஆண்டு பிந்தியது. இன்னும் ஐந்நூறு ஆண்டு நின்றாலும் அது அந்த எட்டு ஆண்டை எட்டிப் பிடிக்கப்போவதில்லை. 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்முடைய பாட்டன்மாரிடம், உன் தகப்பன் எங்கே பிறந்தான், அவன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது நினைவிருக்கிறதா? மரங்களிடமும் அதே கேள்வியைத்தான் எட்டு வருடம் முன்னதாகவே கேட்டு வைத்திருக்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வந்த மரம் என்பதால்தான் இந்தச் சட்டம் தள்ளுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். அதைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள், சுற்றுமதில் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது. வந்தேறி மரம்தான். ஆனால் நேரத்தோடு வந்துவிட்டது.

வயதைப் பார்க்காமல் இனத்தைப் பார்த்துக் காக்கும் சட்டமும் நம்மிடம் உண்டு. 1951-இன் 9-ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ். 1915 கலவரத்தின்போது ஆங்கிலேயர் அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவர் ஊர் ஊராகப் பலாக்கன்று நடச் சொல்லித் திரிந்தார். சிங்கள மக்கள் அவரைப் பலா மாமா என்றே கூப்பிட்டார்கள். சோறு கிடைக்காத காலத்தில் இந்த நாட்டைக் காப்பாற்றப்போவது பலாதான் என்பது அவர் வாதம். 1973, 74 பஞ்சத்தில் லயத்துக்குப் பின்னால் நின்ற பலா எத்தனை வீட்டில் அடுப்பை எரிய வைத்தது என்பதை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் பார்வையில் இந்த நாட்டு மரச் சட்டங்களில் மனிதனுக்கு மிக நெருக்கமானது இதுதான். அழகுக்காக, புண்ணியத்துக்காக என்று சொல்லாமல், வயிற்றுக்காக ஒரு மரத்தைக் காத்த சட்டம்.

அந்தச் சட்டத்தின்படி ஒரு பலாவை வெட்ட என்ன செய்ய வேண்டும்? பிரதேச செயலகத்தில் விண்ணப்பம். கிராம அலுவலர் வந்து பார்த்துச் சிபாரிசு. மரத்தின் சுற்றளவு, அது நிற்கும் இடம், வெட்டுவதற்கான காரணம். அனுமதி வந்த பிறகு பலகையை லொறியில் ஏற்ற இன்னொரு அனுமதி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விண்ணப்பம் கேட்பது ஒன்று: காணி யாருடையது? உறுதிப் பத்திரம் எங்கே? நாட்டுப்புறத்தில் இதற்குப் பதில் உண்டு. லயத்தில் நாலாம் காம்பராவில் இருப்பவர் என்ன எழுதுவார்? அவருடைய பாட்டி போட்ட கொட்டை முளைத்து, அவருடைய அம்மா காய் பறித்து, அவருடைய பிள்ளை ஏறி விளையாடுகிற மரம். காகிதத்தில் அது தோட்டத்தின் மரம். தோட்டம் அரசின் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசு எடுத்துக்கொண்டது, 1992-இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் குத்தகை. வெட்ட வேண்டுமானால் தோட்டத் துரை விண்ணப்பிக்க வேண்டும். வெட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு விண்ணப்பமே கிடையாது.

அப்படியானால் உள்ளூராட்சி சபை எங்கே போயிற்று? இங்கேதான் கதை இன்னும் மோசமாகிறது. பிரதேச சபைகள் 1987-இன் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தவை. அந்தச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குத் தடையாகக் குறுக்கே நின்றது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களை அனுப்பினார்கள். ஆனால் அந்த உறுப்பினர் தன் சொந்த லயத்துக்கு முன்னால் ஒரு தெருவிளக்குப் போடவும் சட்டம் இடம் தரவில்லை. 2018-இல்தான் இந்தப் பிரிவைத் திருத்தினார்கள். முப்பத்தொரு ஆண்டு. மரத்துக்கு முப்பத்தொரு ஆண்டு என்பது கன்று முதிர்ந்து, வெட்டுப்பட்டு, பலகையாகிப் போவதற்குப் போதுமான காலம். பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளும் அப்புத்தளை நகர சபையும் தெருவோர மரங்களைப் பற்றி ஏதாவது முடிவெடுத்தாலும், அது ஊர் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். எல்லைக் கல்லுக்கு அப்பால் தேயிலை தொடங்கும்.

சட்டம் வராத இடத்தில் மரத்தை யார் காத்தார்கள்? சாமி காத்தது. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு மேலே ஓர் ஆலமரம் நிற்கிறது. அடியில் மூன்று கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒன்றுக்கு மட்டும் கறுப்பு மையால் மீசை வரைந்திருக்கிறார்கள். துருப்பிடித்த சூலத்தின் மூன்று முனையிலும் காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம். ஒரு விழுதில் சிவப்புத் துணி, இன்னொன்றில் யாரோ நேர்த்திக்குக் கட்டிய சின்னத் தொட்டில். பாதிச் சுருட்டு ஒன்று. கொழுந்து லொறி போகிற பாதை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. மலையைக் குடைந்து நேராகப் பாதை போட்ட தோட்டத்தில், பாதை வளைந்த ஒரே இடம் அதுதான். ஏன் என்று கேட்டேன். "வெட்ட வந்தவனுக்குக் கை வரல்ல" என்றார் அங்கே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த அம்மா. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நம்முடைய தோட்டத்துச் சாமிகளை நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கவ்வாத்துக்குப் போகுமுன் கும்பிடுகிற கவ்வாத்துசாமி, கொழுந்துசாமி, தொழிற்சாலை இயந்திரத்தில் குடியிருக்கும் ரோதமுனி, எல்லையில் நிற்கும் முனியாண்டி. இவர்களில் பலருக்குக் கோயில் கிடையாது, மரம்தான் கோயில். கட்டடம் கட்ட உரிமையில்லாத நிலத்தில் மரத்தடியில் ஒரு கல்லை வைப்பதற்குத் துரையிடம் போய் நிற்க வேண்டியதில்லை. நம் ஆட்கள் எழுதிய முதல் மரப் பாதுகாப்பு விதி அந்தக் கல்தான் என்று சொல்வேன். எந்த வர்த்தமானியிலும் அது வரவில்லை.

இந்த ஏற்பாட்டையே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்லமாட்டேன். சாமி இல்லாத மரம் இந்த விதிக்குள் வராது. வழிநடையில் நிழல் தருகிற மாரை மரத்துக்கு யார் கல் வைத்தார்கள்? பள்ளிக்கூட முற்றத்து வேம்புக்கு? இன்னொன்றும் உண்டு. மரத்தடியில் வைத்த கல் பிறகு எல்லைக் கல்லாக மாறுகிற நாடு இது. இன்றைக்கு நம் கல், நாளைக்கு வேறொருவர் சிலை என்று வரும்போது மரம் ஒரு வழக்குப் பொருளாகிவிடும், நிழல் யாருக்கும் கிடைக்காது. மரத்துக்கு மரம் என்ற அளவிலேயே ஒரு பதிவு இருப்பது எல்லோருக்கும் நல்லது.

மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் இது நகரத்து மர ஆர்வலரின் பேச்சாகிவிடும். ஊவாவில் மரம் கொல்லவும் செய்யும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், பிறகு வருகிற வடகீழ்ப் பருவமழையில், லயத்துத் தகரக் கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கிற டர்பன்டைன் மரத்தைப் பார்த்துக்கொண்டே படுக்கிற குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். ஊரில் வீட்டுக்காரர் ஆபத்தான மரம் என்று பிரதேச செயலகத்துக்கோ சபைக்கோ எழுதிப்போட்டு ஒரு பதிலை எதிர்பார்க்கலாம். லயத்துக்காரர் முதலில் தோட்டத் தலைவரிடம் சொல்ல வேண்டும், தலைவர் துரையிடம் சொல்ல வேண்டும், துரை கம்பனிக்கு எழுத வேண்டும், கம்பனி திணைக்களத்தைக் காட்டும். இதற்கிடையில் காற்று யாருடைய கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை. மரத்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் இதே கதைதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்த இடம் அது. எச்சரிக்கை இருந்தது, எழும்பிப் போக ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தப் பதுளை மாவட்டத்தை என்ன செய்தது என்பதை நீங்கள் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். மரத்தைக் காக்கும் உரிமையும் மரத்திலிருந்து தன்னைக் காக்கும் உரிமையும் ஒன்றாகத்தான் இல்லாமல் போயிருக்கின்றன. திரும்பி வரும்போதும் ஒன்றாகத்தான் வர வேண்டும்.

பிற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள்? மகாராஷ்டிரம் 2021-இல் தன் நகர்ப்புற மரச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது வயது கடந்த மரமெல்லாம் மரபு மரம் என்றது. திகதிக்குப் பதிலாக வயது. இன்றைக்கு நாற்பது வயதான மரத்துக்குப் பத்து ஆண்டில் அந்தப் பட்டம் தானாக வரும், 1815-இல் எங்கே இருந்தாய் என்று அது கேட்பதில்லை. நமக்கு வேண்டிய அடிப்படை இதுதான். வெட்ட நேர்ந்தால் மரத்தின் வயது எத்தனையோ அத்தனை கன்று நட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஐம்பது கன்று நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனவர்களை நாமும் பார்த்திருக்கிறோம், அடுத்த கோடையில் மிஞ்சுவது வேலிக் கம்பு. வெறும் வயதை மட்டும் வைத்தால் நாற்பத்தொன்பதாவது வருடத்தில் வாள் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சிங்கப்பூர் 1991-இல் சில பகுதிகளை மரப் பாதுகாப்புப் பகுதிகள் என்று குறித்து, சுற்றளவு ஒரு மீற்றரைத் தாண்டிய மரத்தை அனுமதியில்லாமல் வெட்டத் தடை போட்டது. 2001-இல் மரபு மரத் திட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, ஒரு மரத்தை முன்மொழிய அதன் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்தவர் எவரும் எழுதலாம். அவர்களுடைய ஐந்து டொலர் நோட்டின் பின்புறத்தில் தாவரவியல் பூங்காவின் தெம்புசு மரம் ஒன்று இருக்கிறது. நம்முடைய நோட்டுகளில் பறவையும் பூவும் வந்திருக்கின்றன, ஒரு தனி மரம் வர இன்னும் காலம் இருக்கிறது.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் நீலகிரி. 1955-இல் அங்கே மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க ஒரு தனிச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்து முதலாளி தன் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவைக் கேட்க வேண்டும். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கப்பலேறிய நம் உறவுகள் பலர் போய்ச் சேர்ந்தது அந்த மலைகளுக்குத்தான். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் அங்கே அரசு தேயிலை நடத் தொடங்கியது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கோத்தகிரியில், தம்பி மடுல்சீமையில். அண்ணன் வீட்டு வாசல் மரத்துக்குச் சட்டம் உண்டு, தம்பி வீட்டு வாசல் மரத்துக்கு இல்லை. மடுல்சீமைக்கு ஒரு முந்திய பெருமையும் உண்டு, கோப்பியை அழித்த இலைத்துரு நோயை இந்த நாட்டில் 1869-இல் முதலில் கண்டது அங்கேதான். அதைச் சொல்ல ஒரு மரமாவது அங்கே அடையாளம் இட்டு நிற்கிறதா?

ஊவாவில் என்ன செய்யலாம்? மாகாண சபை நியதிச் சட்டம் இயற்றலாம். வடமேல் மாகாணம் 1990-இலேயே 12-ஆம் இலக்க நியதிச் சட்டத்தால் தன் சுற்றாடலுக்குத் தனி அதிகார சபை வைத்துக்கொண்டது. ஊவா மாகாண சபையின் காலம் 2019-இல் முடிந்து போனது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆகவே அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. பிரதேச சபைகள் இருக்கின்றன. 2025 மே 6 தேர்தலில் நாம் அனுப்பியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். 33-ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு தோட்டத்துக்கு வெளியே நிற்பதற்குப் பழைய சாக்கு அவர்களுக்கு இல்லை. உபவிதி ஒன்றை வரைந்து, அமைச்சின் ஒப்புதல் வாங்கி, வர்த்தமானியில் போடலாம்.

அந்த உபவிதியில் கிரவீலியாவைச் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. தேயிலைக்கு நிழல் தருவதற்காக வரிசையில் நட்ட சபுக்கு மரம் பயிரின் ஒரு பகுதி, அதைக் கழிப்பதும் வெட்டுவதும் தோட்ட வேலை. அதையும் மரபு என்று இழுத்தால் கம்பனிக்காரர் முழு உபவிதியையும் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். லயம், பாதை, பெரட்டுக் களம், பள்ளிக்கூடம், கோயில், பீலிக்கரை ஆகிய இடங்களில் தனித்து நிற்கும் பெருமரங்கள் போதும். எந்த மரத்தைப் பதிவது என்பதை அந்த டிவிசனில் குடியிருப்பவர் சொல்ல வேண்டும், உறுதிப் பத்திரம் கேட்கக் கூடாது. குடியிருப்பவர் என்று காட்டக் கிராம அலுவலரின் வதிவிடச் சான்று போதும். இதே மேசையில்தான் ஆபத்தான மரத்துக்கான முறைப்பாடும் வர வேண்டும். முறைப்பாடு வந்தால் எத்தனை நாளுக்குள் யார் வந்து பார்ப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும், பார்க்க வராவிட்டால் தோட்டமே வெட்டலாம், செலவைச் சபை ஏற்கலாம். பதிவேடு தமிழிலும் சிங்களத்திலும் சபை வாசலில் தொங்க வேண்டும்.

பதிவேட்டின் முதல் பக்கங்களை நிரப்ப உபவிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாடசாலை மாணவர்களிடம் ஒரு தையல் நாடாவைக் கொடுத்து அனுப்பலாம். சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளக்க வேண்டும், சரிவான நிலமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த உயரத்தைப் பிடிக்க வேண்டும். மரத்தின் பெயர், நிற்கும் இடம், யாருடைய ஞாபகத்தில் எப்போது நட்டது, அல்லது தானாக முளைத்தது, சாமி உண்டா இல்லையா, கூரைக்குச் சாய்ந்திருக்கிறதா, இவ்வளவுதான் எழுத வேண்டியது. பெரியவர்களிடம் கேட்டு எழுதும்போது அவர்கள் சொல்கிற சொல்லையே எழுதட்டும், தாவரவியல் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விழுது விட்ட ஆலமரத்தை எங்கே அளப்பது, தாய்மரம் எது, விழுது எது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அதற்குப் பல முறைகள் உண்டு, எனக்குத் தெரிந்ததைக் கேள்வி நேரத்தில் பலகையில் வரைந்து காட்டுகிறேன்.